சம்பந்தியின் சிலேட்டு

என் மகனுக்கு,

இந்த உறைக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைக் கம்ப்யூட்டரில் சொருகாதே. உனக்குப் பொறுமை குறைவு, அது என்னிடமிருந்து வந்தது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பது நகல். அசல் என் பீரோவில் இருக்கிறது. தொழிற்பேட்டைக் கம்பெனி ஸ்டோர்ஸில் இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கணக்குப் பார்த்தவன் அசலைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டான் என்பது உனக்குத் தெரியாததல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, ஓமனில் வேலை உறுதியாகிவிட்டது, இன்னும் பதினைந்து நாளில் கிளம்புகிறோம் என்று சொன்னீர்கள். உன் அம்மா சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் டிவியில் மழை அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே உன் மாமனாரைப் பற்றி நீ சொன்னாய்: "போறதுக்கு முன்னாடி பள்ளிப்பட்டு போயி அப்பா கிட்ட இன்னொரு வாட்டி மன்னிப்பு கேட்டுக்கினு வரணும் நைனா. அத்த குறிச்சி வச்சதெல்லாம் என் கையால போச்சி. அது மனச உட்டு போவவே மாட்டேங்குது." ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லி உன்னை அனுப்பிவைத்தேன். அன்றைக்கு அந்த ரயில் இருபது நிமிஷம் தாமதம் என்று அப்புறம் தெரிந்தது. அந்த இருபது நிமிஷத்தில் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன். உன் அத்தை, அதாவது மருமகளின் அம்மா, குறித்து வைத்ததை அழித்தது நீ இல்லை. நான்தான்.

எதற்காக என்று கேட்பாய். பொறாமைதான், வேறொன்றுமில்லை. உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. அறுபத்துமூன்று வயதில் ஓர் ஆணுக்கு இன்னொரு ஆண் மேல் இப்படி வயிறு எரியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பெண் பார்க்கப் போன அன்றே அது தொடங்கிவிட்டது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சொந்தமாக நெல் விளைகிற நிலம், வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் கம்பெனி வேலைக்கு வந்த பிறகுதான் இஸ்திரி போட்ட சட்டையைக் கண்டவன். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சுவரை நீ பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெண்ணைப் பார்க்க வந்தவன் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் 'மாமா' போய் 'அப்பா' வந்தது. நீ என்னை நைனா என்று கூப்பிடுகிறவன். கோபமில்லாத நாளில் நானும் உன்னை நைனா என்றுதான் கூப்பிடுவேன். 'அப்பா' நம் வீட்டில் யாருக்கும் தேவைப்படாமல் காலியாகத்தானே கிடந்தது, அதை எடுத்து அவருக்குக் கொடுத்தால் எனக்கு என்ன குறைகிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். நியாயம் சரியாகத்தான் இருந்தது. வயிறு கேட்கவில்லை.

அந்த வீட்டில் புத்தகச் சுவரைவிடப் பெரிய சொத்து உன் அத்தையின் ரீடர். மருமகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. புத்தகம் படிக்க மட்டுமே ஆகிற கருவி. பேச முடியாது, படம் பார்க்க முடியாது, கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் தேய்ந்து போனது. நான் அதைச் சிலேட்டு என்றுதான் சொல்வேன், உனக்கு அது பிடிக்காது. உங்கள் கல்யாணம் முடிந்த ஆறாவது மாதம் அந்த அம்மா தவறிப்போனார். அதற்கப்புறம்தான் சம்பந்தி அந்தச் சிலேட்டைக் கையிலெடுத்தார். அதுவரை காகிதத்தில் தவிர வேறெதிலும் படிக்காத மனிதர், மனைவி அடிக்கோடு போட்ட வரிகளைத் தேடித் தேடிப் படித்தார். மருமகள் புதிது வாங்கித் தருகிறேன் என்றபோது, புதிதில் அவள் கை பட்டிருக்காதே என்று சொல்லி மறுத்துவிட்டார். இதை நீ என்னிடம் சொன்னபோது உனக்குக் கண் கலங்கியது. எனக்காக உன் கண் எப்போதாவது கலங்கியிருக்கிறதா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அற்பமான மனிதனா என் நைனா என்று நீ நினைத்தால் அது சரிதான்.

சிலேட்டுக்கு வயதாகிவிட்டது. இப்போது வருகிற மின்புத்தகங்கள் எல்லாம் இபப் என்று ஒரு வகைக் கோப்பாக வருகின்றன. அதற்கு அது ஆகாது, மோபி என்ற பழைய வகையாக இருந்தால்தான் திறக்கும். சும்மா மாற்றிப்போட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும், இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். எழுத்துருவையும் புத்தகத்துக்குள்ளேயே சேர்த்துக் கட்ட வேண்டும், ஓரத்தைக் குறைக்க வேண்டும், அத்தியாயப் பட்டியல் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அத்தனையும் நீ அவருக்காகச் செய்தாய். மாதத்தில் இரண்டு ஞாயிறு அதற்கே போனது. மீஞ்சூரிலிருந்து திருவள்ளூர், அங்கிருந்து திருத்தணி, அங்கிருந்து பள்ளிப்பட்டு என்று மூன்று பஸ் மாறிப் போனாய். உன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு ரயிலில் அரை மணி நேரம்.

ஒரு நாள் நம் வீட்டில் உட்கார்ந்து அவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். புத்தகம் எங்கேயோ போய்விட்டது என்றார் போலிருக்கிறது. "அவசரமே இல்ல மாமா, மெதுவா அமுக்குங்க. இன்னா தெரியுது, அத மட்டும் சொல்லுங்க," என்றாய். அப்போது இன்னும் மாமாதான். முக்கால் மணி நேரம் அப்படியே பேசினாய், குரல் ஒரு இழை உயரவில்லை. அதே வாரம் போனில் ரயில் நேரம் பார்ப்பது எப்படி என்று நான் உன்னைக் கேட்டிருந்தேன். நீ என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, நாலு தட்டு தட்டி, இந்தா என்று கொடுத்துவிட்டாய். ரயில் நேரம் தெரிந்தது. பார்ப்பது எப்படி என்பது இன்றுவரை தெரியாது.

நியாயமாகச் சொன்னால், நீ என்னையும் ஒரு முறை கேட்டாய். பழைய ரீடர் ஒன்று நல்ல நிலையில் வருகிறது, உனக்கு வாங்கித் தரட்டுமா நைனா என்றாய். எனக்கு எதற்குடா அந்தச் சிலேட்டு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளவா என்றேன். நீ சரி என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நான் அன்று முழுவதும் காத்திருந்தேன். நம் சனத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை 'வேணாம், இப்பதான் சாப்ட்டேன்' என்றுதான் சொல்வோம். இரண்டாவது தடவை கேட்டால்தான் கை நீட்டுவோம். உன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைக்கூட நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன், உன் அம்மா மறுபடி கேட்டாள், வாங்கிக்கொண்டேன். பள்ளிப்பட்டு வீட்டில் அப்படி இல்லை. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் வீட்டுப் பழக்கம் உனக்கு ஒட்டிக்கொண்டது. அதுதான் படித்தவர்கள் பழக்கம் என்று அதற்கும் ஒரு வயிற்றெரிச்சல் பட்டேன்.

இந்தக் குணம் புதிது இல்லை. நீ ஆறாவது படிக்கும்போது உன் சைக்கிள் ஒரு மாதம் பரண்மேல் கிடந்ததே, நினைவிருக்கிறதா? செயின் வாங்க வேண்டும், கடையில் கிடைக்கவில்லை என்று சொன்னேன். செயின் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட். பகலில் தூங்கி எழுவதற்குள் டியூஷன் வாத்தியார் உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்துவிட்டார். நீ தெருமுனையிலிருந்து ஒற்றைக் கையை விட்டு ஓட்டிக்கொண்டு வந்து, "சார் சொல்லிக் குடுத்தாரு நைனா," என்றாய். நான் கற்றுக் கொடுப்பதற்காக வாங்கிய சைக்கிள் அது. மறுநாள் அதைப் பரணில் ஏற்றிவிட்டேன். உனக்கு அப்போது தண்டனை என்றுகூடத் தெரியாது. தெரியாமல் தண்டனை அனுபவிப்பது உனக்கு என்னால் பழகிப்போன ஒன்று.

இனி நடந்ததற்கு வருகிறேன். பங்குனி மாதம், சம்பந்தி மூன்று புத்தகம் கேட்டிருக்கிறார் என்று நீ சிலேட்டை வாங்கிக்கொண்டு வந்தாய். நீ வேலை பார்க்கிற துறைமுகத்தில் ஏதோ கிரேன் நின்றுவிட்டது என்று காட்டுப்பள்ளியிலிருந்து அழைப்பு வர, துணிப்பையோடு சிலேட்டை நம் வீட்டில் வைத்துவிட்டு, யாரும் தொடாதீர்கள், சனிக்கிழமை வந்து ஏற்றுகிறேன் என்று சொல்லிப் போனாய். நீ காலேஜில் வைத்திருந்த பழைய லேப்டாப் நம் வீட்டில்தானே இருக்கிறது, மூன்று புத்தகத்தையும் அதில் இறக்கி வைத்திருந்தாய். வியாழக்கிழமை காலையில் எனக்கு அந்த யோசனை வந்தது. நானே ஏற்றிவிட்டால் என்ன? சனிக்கிழமை நீ வரும்போது வேலை முடிந்திருக்கும். பள்ளிப்பட்டுக்குப் போய், இந்த வாட்டி நைனாதான் போட்டது என்று நீ சொல்வாய். சம்பந்தியின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்து, இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஸ்டோர்ஸில் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை லேபிள் மாற்றுவது. ஒரே பெயிண்ட் இரண்டு பெயரில் போகும். டிரம்மில் பழைய லேபிளைச் சுரண்டிவிட்டுப் புதிதை ஒட்டினால் வேலை முடிந்தது. நீ இரண்டு வருஷமாக 'மாத்தறேன், மாத்தறேன்' என்று சொன்னதும் அதுதான் என்று நினைத்தேன். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து இபப் என்று இருந்தது. அதை அழித்துவிட்டு மோபி என்று அடித்தேன். கம்ப்யூட்டர் ஏதோ எச்சரித்தது. அது எதற்குத்தான் எச்சரிக்கவில்லை என்று சரி கொடுத்தேன். இவ்வளவுதானா, இதற்கா மூன்று பஸ் மாறுகிறான் என்று சிரிப்புகூட வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் மட்டும் பழக்க தோஷத்தில் ஒன்று செய்தேன். வந்த சரக்கு எப்படி வந்தது என்று பதிவு வைக்காமல் நான் எதையும் பிரித்ததில்லை. சிலேட்டுக்குள் இருந்த அத்தனையையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். அப்புறம் மூன்று புத்தகத்தையும் உள்ளே போட்டேன்.

சிலேட்டு அப்படியே நின்றுவிட்டது. அமுக்கினேன், அணைத்தேன், அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பஜாருக்குக் கொண்டுபோய் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவரிடம் காட்டினேன். அவர், ரீசெட் போட்டால் எழுந்துகொள்ளும், உள்ளே இருப்பது போகும், பரவாயில்லையா என்று கேட்டார். நகல் இருக்கிறது, போடுங்கள் என்றேன் பெருமையாக. எழுந்தது. வீட்டுக்கு வந்து பென் டிரைவிலிருந்து புத்தகங்களை மட்டும் பொறுக்கி உள்ளே போட்டேன். கூடவே சின்னச் சின்னதாக நிறையக் கோப்புகள் இருந்தன, பெயர் வாயில் நுழையவில்லை; குப்பை என்று விட்டுவிட்டேன். புத்தகங்கள் எல்லாம் வந்துவிட்டன. சிலேட்டைத் துணிப்பையில் போட்டு, நீ வைத்த இடத்தில், நீ வைத்த மாதிரியே வைத்தேன்.

சனிக்கிழமை நீ வந்து எடுத்தவுடன், எழுத்து சின்னதாக இருக்கிறதே என்றாய். சார்ஜ் இறங்கியிருக்கும் என்றேன். நீ நம்பினாய். மூன்று புத்தகத்தையும் முறையாக மாற்றி ஏற்றினாய். நான் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். மறுநாள் இரவு பள்ளிப்பட்டிலிருந்து நீ போன் செய்தாய். அத்தை போட்ட அடிக்கோடு ஒன்றுகூட இல்லை நைனா, நான் ஏற்றும்போது ஏதோ தப்பு பண்ணிவிட்டேன் என்றாய். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். திட்டியிருப்பார் என்று எனக்கு ஆசை, அதையும் எழுதிவிடுகிறேன். திட்டவில்லை, உட்காருப்பா, சாப்பிடு என்றாராம். அதற்கப்புறம் நீ இன்னும் அதிகமாக அங்கே போக ஆரம்பித்தாய், செய்யாத தப்புக்குப் பரிகாரமாக. என்னைவிட்டு உன்னை இன்னும் தூரம் தள்ளியது நானே என்பது எனக்குப் புரிந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இருக்கிற கொஞ்சமும் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீ போன் செய்த மறுநாள்தான் அந்தக் குப்பையைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு கோப்பில், உன் அத்தை அடிக்கோடு போட்ட வரிகள் எல்லாம் தேதியோடு வரிசையாக இருந்தன. சிலேட்டு தானாகவே எழுதி வைத்துக்கொள்ளுமாம். நடுநடுவே அவர் கைப்பட அடித்த குறிப்புகள், பத்தொன்பது. அந்தச் சிலேட்டில் தமிழ் அடிக்க வழியில்லை, அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறார். லாரி டிரைவர்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டைப் படித்துப் பழகியவன் நான், எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஏழு இடத்தில் 'இந்தப் பக்கத்தை அவருக்குப் படிச்சுக் காட்டணும்' என்று இருந்தது. ஓரிடத்தில், 'இவர் கோபத்தில்கூட மெதுவாகத்தான் பேசுவார், எனக்கு அது பிடிக்கும், சொன்னதில்லை' என்று இருந்தது. இன்னோரிடத்தில் உப்பில்லாத குழம்பைப் பற்றி ஒரு சண்டை. கடைசிக் குறிப்பு அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்: 'கண் வலிக்குது. மீதியை அவரே படிக்கட்டும்.'

உனக்கு நான் உண்மையை எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன், எழுதிவிடுகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் குற்றவுணர்ச்சிக்கு முன்னால் வந்தது பொறாமைதான். அந்த மனிதருக்குச் செத்துப்போன பிறகும் எழுதுகிற பெண்டாட்டி. மூன்று பஸ் மாறி வருகிற பிள்ளை, அதுவும் என் பிள்ளை. எனக்கு என்ன இருக்கிறது என்று பென் டிரைவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதில் ஒரு திருப்தி. அது திருட்டுச் சரக்கு என்று தெரிந்தும் திருப்தி.

ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு எல்லோரும் போனோமே, அன்றைக்கு நீயும் மருமகளும் நேர்த்திக்கு வேப்பஞ்சேலை வாங்கப் போயிருந்தீர்கள். உன் அம்மா பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார். என் சரக்குக்கு அவர் சர்டிபிகேட் கொடுக்கிறாரே என்று எரிச்சலோடு தலையாட்டினேன். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார்: "கோடு போனது கூட பரவால்ல சம்பந்தி. அங்கங்க வரிக்கு மேல சின்னச் சின்னதா நம்பர் இருந்துச்சு, ஒண்ணு, ரெண்டுன்னு. அச்சுல வந்த நம்பர்னு நெனச்சிக்கினு தொட்டே பாக்கல. அது இன்னாவா இருக்கும்னு இப்பதான் யோசனையா கீது." அந்த நம்பரைத் தொட்டிருந்தால் குறிப்பு திறந்திருக்கும். அவருக்கு அது தெரியவே இல்லை. வெறும் கோட்டையே தேடித் தேடிப் படித்த மனிதருக்கு, அந்த அம்மா பேசியிருக்கிறார் என்பதே தெரியாது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அச்சு நம்பராத்தான் இருக்கும்," என்றேன்.

அந்தப் பொங்கலை என்னால் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன், நீ மாத்திரை வாங்கிக் கொடுத்தாய். அடுத்த வாரம் லேப்டாப்பில் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா பின்னால் வந்து நின்றாள். என்ன என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். குறிப்புகளைப் படித்தும் காட்டினேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அடுத்தவங்க ஊட்டு லெட்டர இன்னாத்துக்கு வச்சிக்கினு கீற நீ?" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, உன்னிடம் சொல்வேன் என்று மிரட்டவும் இல்லை. தினமும் சாப்பாடு போடும்போது பீரோவை ஒரு முறை பார்த்துவிட்டுப் போவாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் நான் உருப்படியாக எதையாவது செய்தேன். அந்தக் குறிப்புகள் இருந்த பெரிய நாவலை லேப்டாப்பிலேயே முதலிலிருந்து படித்தேன். ஒரு வரியை அந்த அம்மா ஏன் பிடித்துக்கொண்டார் என்று தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தின ஐம்பது பக்கம் தெரிய வேண்டியிருக்கிறதே. முடிக்க இரண்டரை மாதம் ஆனது. என் வாழ்க்கையில் நான் முழுவதுமாகப் படித்து முடித்த முதல் புத்தகம் அது. பிறகு பத்தொன்பது குறிப்பையும் ஒற்றை விரலில் தமிழில் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் மேலே அது எந்த வரிக்கு எழுதினது என்று போட்டேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. உப்பில்லாத குழம்பையும் விடவில்லை. அதை அந்தச் சிலேட்டுக்குப் பிடிக்கிற வகையாக மாற்றினேன். இந்த முறை பெயரை மட்டும் மாற்றவில்லை. நீ வைத்திருந்த மென்பொருளைத் திறந்து, எழுத்துருவைச் சேர்த்து, ஓரத்தைக் குறைத்து, அவர் கண்ணுக்கு எட்டுகிற அளவில் எழுத்தைப் பெரிதாக்கினேன். பதினோரு தடவை கொம்பு தனியாகப் போனது, பன்னிரண்டாவது தடவை ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு உனக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தோடு சொல்வது என்று விட்டுவிட்டேன். பள்ளிப்பட்டுக்குத் தனியாகப் போகவும் பஸ் ஸ்டாண்டுவரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்தக் கோப்பும், அந்த அம்மாவின் அசல் கோப்பும், நான் குப்பை என்று விட்டவையும் எல்லாம் பென் டிரைவில் இருக்கின்றன. அந்தக் குப்பையைச் சரியான இடத்தில் வைத்தால் அடிக்கோடும் நம்பரும் பழையபடியே திரும்ப வரலாம் என்று தோன்றுகிறது. நீ செய்து பார். நான் இனி அந்தச் சிலேட்டைத் தொட மாட்டேன். வருகிற ஞாயிறு நீ பள்ளிப்பட்டு போகும்போது நானும் வருகிறேன். நீ அங்கே மன்னிப்புக் கேட்கக் கூடாது. அது என் வேலை, அதையும் நீ பிடுங்கிச் செய்துவிடாதே. நான் அவரிடம் பேசி முடிக்கும்வரை திண்டாடினாலும் எடுத்துக்கொடுக்காமல் சும்மா உட்கார். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. இந்த முறையாவது என்னைத் திட்டட்டும். அந்த நம்பரைத் தொட்டால் என்ன வரும் என்று காட்டிவிட்டு நாம் வெளியே வந்துவிடலாம். அவர் படிக்கும்போது நாம் அங்கே நிற்க வேண்டாம்.

புதிய ஊருக்குப் போகிறாய், அதனால் தகப்பன் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும். தப்பு நடந்த இடத்தில் நான்தான் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்காதே. உன் கையில் நடந்ததா என்று பார்த்துவிட்டுத் தூக்கு. நீ அவசரப்பட்டுத் தூக்கினால் என் மாதிரி ஆட்கள் உன் கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். மருமகளிடம் சொல்ல நினைப்பதை அன்றன்றைக்கே சொல். அந்த அம்மாவின் ஏழு பக்கமும் அப்படித்தான் நின்றுபோயின. எனக்கே இதைச் சொல்ல யோக்கியதை இல்லை. நேற்று உன் அம்மாவிடம் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினேன், பாதியில் தூங்கிவிட்டாள், ஆனாலும் காட்டினேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. பள்ளிப்பட்டில் நீ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுவாய் என்று தெரியும், அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. எரிந்துகொண்டேதான் கூட வருவேன்.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம். அந்த நாவலை எழுதியவர் எழுதிய வேறொரு புத்தகமும் உன் லேப்டாப்பில் இருக்கிறது. அந்தத் திரை என் கண்ணைக் கரிக்கிறது, பத்துப் பக்கத்துக்கு மேல் முடியவில்லை. ஓமனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்வாய். அவரிடம் பேசுகிற மாதிரி என்னிடமும், அவசரமே இல்லை, மெதுவாக அமுக்கு, என்ன தெரிகிறது என்று நீ கேட்க வேண்டுமானால் என் கையில் அமுக்குவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்டாயே, பழைய ரீடர் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று. இன்னொரு தடவை கேள், நைனா. இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

உன் நைனா